கச்சான் ஏறிய ஞாயிறு

ஜூன் 18, புதன்

மக்களே, நம் மெல்பா அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சூசையப்பர்துறையிலிருந்து கிளம்பி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஒரே மூச்சில் கைட்டில் பறக்கப்போகிறார், இந்தக் கரையில் இதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத காரியம், முழுக்க லைவ், நம் பக்கத்தில் மட்டும்!!!

மூன்று தடவை அழித்து எழுதினேன். டைப் பண்ணவே வரவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் ரெனிட்டா. வயது பத்தொன்பது. காலேஜ் லீவு. ‘மெல்பா படை’ என்கிற இந்தப் பக்கத்தை நடத்துவது நான் ஒருத்திதான், படை என்று பெயர் வைத்திருந்தாலும். இன்றிலிருந்து ஞாயிறு வரை இங்கே தினக்குறிப்பு எழுதப்போகிறேன்.

கைட்சர்ஃபிங் தெரியாதவர்களுக்கு: காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து நீளமாக நான்கு கயிறுகள் போய், மேலே ஒரு பெரிய ஆரஞ்சு நிறப் பட்டத்தில் முடியும். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் உங்களை இழுக்கும், நீங்கள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவீர்கள். எஞ்சின் கிடையாது. எனக்கு இது எல்லாமே வீடியோ பார்த்து வந்த அறிவு. அக்காவுக்கு அப்படி இல்லை. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரில் கைட் கேம்ப் போட்டிருந்தபோது பலகை கழுவும் வேலைக்குப் போனார். இரண்டே சீசனில் கேம்ப் ஆட்களை விட நன்றாக ஓட்டினார். கேம்ப் மூடிப் போகும்போது பழைய கைட் இரண்டை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தச் செய்தியைப் போட்டேன். அதாவது, போட்டுவிட்டு உடனே ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஏடி ரெனி, என்னத்தப் போட்டு வச்சிருக்க? ஒரு நாளைக்கி முனை வரைக்கும் போகணும்னு சொன்னேன். ஞாயித்துக்கெழமன்னு எப்பச் சொன்னேன்?”

“அக்கா, அதுக்குள்ள எண்ணூறு ஹார்ட்டு விழுந்திருக்கு.”

“ஹார்ட்டு வந்து காத்தடிக்குமாடி?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தால் சம்மதம்தானே!

ஜூன் 19, வியாழன்

காலையில் தண்ணீர் லாரி வந்தது. நாலு குடம் பிடித்தேன். அம்மாவுக்கு நெத்திலி காயப் போட்டுக் கொடுத்தேன். காக்கா விரட்டிக்கொண்டே கமெண்ட்டுக்கெல்லாம் பதில் போட்டேன்.

சாயங்காலம் அக்கா வீடு. சின்ன கைட்டின் தையல் விட்டிருக்கிறது. ஒட்டுவதற்கு ஒரு தனி டேப் வேண்டும், சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆகுமாம்.

“பெருசுலயே போலாம்ல அக்கா?”

“காத்து லேசா இருந்தா பெருசு. காத்து ஏறுனா சின்னது. கச்சான் ஏறுற நேரத்துல பெருசக் கட்டிக்கிட்டுப் போனா, நான் பட்டம் விட மாட்டேன், பட்டம் என்னய விடும்.”

கச்சான் என்பது எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. இந்த மாசங்களில் அதுதான் ராஜா.

அதனால் ரொம்ப நியாயமாக நம் பக்கத்தில் ஒரு வோட்டு வைத்தேன். இந்த ஞாயிறா, அடுத்த வாரமா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த ஞாயிறு!!! அக்காவிடம் காட்டினேன். பெயர்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இவங்கள்லாம் எந்த ஊருடி?” என்றார்.

“எல்லா ஊரும்தான் அக்கா!”

ஜூன் 20, வெள்ளி

கூரியர் வரவில்லை. கரண்டும் இல்லை. ஃபாலோயர்ஸ் பத்தாயிரம்!!!

ஜூன் 21, சனி

அக்கா வீட்டில் இன்று ஒரே கலாட்டா. பிலோமி அத்தை, அதாவது அக்காவின் அம்மா, முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஊருல பொட்டப் புள்ளைக கல்யாணத்துக்கு ஓடிப்போகும். எம்புள்ள பட்டத்தோட ஓடப்போகுது.”

“மாப்பிள்ளைக்குச் சோறு போடணும்மா. பட்டத்துக்குச் செலவில்ல” என்றார் அக்கா.

அவருடைய அப்பா பெர்க்மான்ஸ் மாமா நாளைக்குத் தன் ஃபைபர் படகில் பின்னாலேயே வருவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அதனால் படகு சும்மாதான் இருக்கும். நானும் படகில். இரண்டு பவர் பேங்க், ஒரு ஸ்டாண்ட், போனுக்குத் தண்ணீர் புகாத உறை. அக்காவின் போனையும் கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டாவது கேமராவுக்கு.

என் போனில் இருக்கும் காற்று ஆப் நாளைக்கு எல்லாம் பச்சை என்கிறது. அக்காவிடம் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்தார்.

“வெளுத்துக் கெடக்கு பாரு. மத்தியானத்துக்கு மேல ஏறும்.”

“அப்ப காலையிலயே கெளம்பிருவோம் அக்கா.”

“பூச இருக்குல்ல. அம்மா விடுமா?”

பூசை முடிந்து, சாப்பிட்டு, கிளம்பப் பதினொன்று ஆகும். பரவாயில்லை. லைவ்வுக்கு அதுதான் நல்ல நேரம், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டார். முழு ஃபோகஸ்!

ஜூன் 22, ஞாயிறு

லைவ் பாதியில் நின்றதற்கு மன்னிக்கவும். முனைப் பக்கம் டவர் கிடையாது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மெசேஜ் போடாதீர்கள், எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பூசை நீண்டுவிட்டது. கரையில் ஏற்கனவே மணல் பறந்தது. அக்கா பெரிய கைட்டை விரித்து, காற்றடித்து, கயிறெல்லாம் மாட்டிவிட்டு, மண்டி போட்டபடி அதன் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இப்பவே இப்பிடி அடிக்குதேடி.”

“ஆப்புல இன்னும் பச்சைதான் அக்கா.”

“லைவ்ல எத்தன பேரு இருக்காங்க?”

“நாலாயிரத்துக்கு மேல.”

அக்கா கடலைப் பார்த்தார். “சரி. பட்டத்தப் புடி.”

என்ன தில்லு பாருங்கள்! கைட்டைத் தூக்கிப் பிடித்து விட்டது நான்தான். அந்த வீடியோ நம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் பாதி கனவு மாதிரி இருந்தது. கரையை ஒட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் விட்டு எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டு போனார். பெர்க்மான்ஸ் மாமா எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, “என்னா இவ, ரயிலு மாரி போறா” என்று சிரித்தார். எங்கள் படகு பின்னால் குதித்துக் குதித்துப் போனது. கமெண்ட் நிற்காமல் ஓடியது.

முனை தெரிய ஆரம்பித்த இடத்தில் காற்று திடீரென்று ஏறியது. அலை வெள்ளையாக உடைந்தது. அக்கா இப்போது கை காட்டவில்லை. முழு உடம்பையும் பின்னால் சாய்த்து கைட்டை அடக்கிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே போனதால் போனில் அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“மாமா, போட்ட அந்தப் பக்கமாச் சுத்தி வாங்க. மொகம் தெரியல.”

“அலையப் பாத்தியா புள்ள?”

“ஒரே ஒரு தடவ மாமா.”

மாமா திருப்பினார். நல்ல ஷாட் கிடைத்தது. பின்னால் இரண்டு கடலும் சேரும் இடம், மேலே ஆரஞ்சு கைட், நடுவில் அக்கா. அப்போது ஒரு அலை படகுக்குள் அடித்து லென்ஸ் நனைந்துவிட்டது. துடைத்தேன். மாமா தண்ணீரை இறைத்தார். நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஆரஞ்சு இல்லை.

கரைக்கு வந்திருப்பார் என்று முனை முழுக்கத் தேடினோம். மணலில் சுற்றுலாக்காரர்கள்தான் நின்றிருந்தார்கள். ஒருவர் மட்டும் பட்டத்தைப் பார்த்தேன் என்றார். “கெழக்காம தூக்கிட்டுப் போச்சுங்க, சினிமா ஷூட்டிங்னு நெனச்சோம்.”

இருட்டும் வரை தேடினோம்.

அக்கா லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார். நன்றாக நீந்துவார். ப்ரே பண்ணுங்கள்.

ஜூன் 23, திங்கள்

இன்று எங்கள் ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. எல்லாப் படகும் தேடப் போயிருக்கின்றன. கடலோரக் காவலுக்கும் சொல்லியாயிற்று, அவர்களும் தேடுகிறார்கள்.

இது எங்கள் ஊர் வழக்கம். கடலில் ஒருவர் காணாமல் போனால் மூன்று நாள் யாரும் வலை எடுக்கக் கூடாது, தேட மட்டும்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலமும் ஆள் கிடைக்கவில்லை என்றால், பெற்றவர் கோயிலுக்கு வந்து, வாயைத் திறந்து, “அடிங்க” என்று சொல்ல வேண்டும். அப்போது ஒத்தை மணி அடிப்பார்கள். துக்க மணி. அதோடு தேடல் முடிந்தது. மறுநாள் படகுகள் தொழிலுக்குப் போகும்.

மூன்றாம் நாள் புதன்கிழமை.

ஊர் கமிட்டித் தலைவர் தொம்மை சம்மாட்டிக்கு நாலு படகு. அவர்தான் எந்தப் படகு எந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் வடக்கே அனுப்புகிறார். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

“பெரியப்பா, கெழக்க அனுப்புங்க. அக்கா கெழக்கதான் போயிருப்பாங்க.”

“பாப்பா, நீவாடு வடக்காம ஓடுது. கடல்ல விழுந்தது எதுவானாலும் நீவாட்டோடதான் போகும்.”

நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம்.

“தனி ஆளுன்னா சரி பெரியப்பா. அக்காகிட்ட கைட்டு இருக்கு. அதுக்குள்ள காத்தடச்சிருக்கு, முங்காது. தண்ணியில விழுந்துட்டா கயித்தச் சுத்தி எடுத்துட்டு, கைட்டோட ஓரத்தப் புடிச்சுப் படுத்துக்கிட்டா அதுவே பாய் மாதிரி இழுத்துட்டுப் போகும். நீவாடு இல்ல, காத்துதான் கொண்டுபோகும். கச்சான் கெழக்கதான தள்ளும்?”

“யாரு சொன்னா?”

“வீடியோவுல...”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தொம்மை பெரியப்பா சிரிக்கவில்லை. “கெழக்க கொஞ்ச தூரத்துல எல்லக் கோடு வந்துரும். தாண்டுனா திரும்பி வர்றது நம்ம கையில இல்ல. ஒரு புள்ளையத் தேடப் போயி நாலு புள்ளையத் தொலைக்கச் சொல்றியா?”

அவர் சொல்வதும் சரிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா வீட்டில் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்தேன். கஞ்சி காய்ச்சினேன். யாரும் குடிக்கவில்லை. பிலோமி அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அவ போறேன்னு சொன்னாளா? நீ போகச் சொன்னியா?”

அத்தை பாவம், நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் கஞ்சியை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

பி.கு.: ‘காற்று ஏறும் என்று தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள்?’ என்று கேட்ட நபரை பிளாக் செய்துவிட்டேன். இது சண்டை போடும் நேரம் இல்லை. வோட்டுப் பதிவையும் எடுத்துவிட்டேன், இப்போது அது தேவையில்லை என்பதால்.

ஜூன் 24, செவ்வாய்

நான் எடுத்த அந்த ஷாட் எல்லா இடத்திலும் ஓடுகிறது. நியூஸ் பக்கங்களில் சோக மியூசிக் போட்டு ஓட்டுகிறார்கள். ஃபாலோயர்ஸ் எத்தனை என்று பார்க்கவில்லை. பார்த்தேன். எழுத விரும்பவில்லை.

ஒருவர், உடல் கிடைத்துவிட்டது என்று ஒரு படம் அனுப்பினார். அது வேறு யாரோ, வேறு எங்கோ, எப்போதோ. அதைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தேன். இன்னொருவர், அக்காவின் தங்கச்சி என்று சொல்லிப் பொய்க் கணக்கு ஆரம்பித்து உதவி கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்காவுக்குத் தங்கச்சி கிடையாது. ரிப்போர்ட் செய்யுங்கள்.

இன்று காலை பெர்க்மான்ஸ் மாமா யாரிடமும் கேட்காமல் தன் படகைக் கிழக்கே எடுத்துக்கொண்டு போனார். தொம்மை பெரியப்பா தடுக்கவில்லை. “கோட்டத் தாண்டாத பெர்க்மான்சு” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மாமா திரும்பும்வரை நான் கரையிலேயே இருந்தேன். படகில் மாமா மட்டும்தான் இருந்தார்.

“கோடு வரைக்கும் போனேன் புள்ள. எல்ல காட்டுற மெசினு கத்த ஆரம்பிச்சிருச்சு. அங்கனயே எஞ்சின நிறுத்திட்டு நின்னேன்.”

“எதுவும் தெரியலையா மாமா?”

“தூரத்துல தீடை தெரிஞ்சுச்சு. மணலுதான்.” கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டினார். “எந்திரிச்சு நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். காத்து என் பக்கமிருந்து அங்கிட்டுத்தான அடிக்குது? சத்தத்தக் கொண்டுபோயிருக்கும்ல?”

“கொண்டுபோயிருக்கும் மாமா” என்றேன்.

தீடை என்றால் கடலுக்கு நடுவே இருக்கும் மணல் திட்டு. எங்கள் முனையிலிருந்து தலைமன்னார் வரை வரிசையாக இருக்கின்றன. முதலில் உள்ள சில நம் பக்கம். மற்றவை அந்தப் பக்கம்.

அதனால்தான் இன்று முதல்முறையாக நம் பக்கத்தில் அந்தக் கரை மக்களுக்காக, கைட் படமும் என் நம்பரும் சேர்த்து ஒரு பதிவு போட்டேன். மன்னார், பேசாலை, தலைமன்னார்க்காரர்கள் இதைப் பார்க்கும்வரை ஷேர் செய்யுங்கள். ஆரஞ்சு நிறம். பெரியது. நடுவில் கறுப்புப் பட்டை.

ஜூன் 25, புதன், காலை

தொம்மை பெரியப்பா விடியும்போதே அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“இன்னைக்கும் எல்லாத்தையும் அனுப்புறேன் பெர்க்மான்சு. ஒரு படகையும் விடல. ஆனா நாளைக்கி நான் யாரயும் புடிச்சு வைக்க முடியாது. சனங்க அடுப்புல ஒல ஏறி மூணு நாளாச்சு. ஒருத்தனும் வாயத் தொறந்து கேக்கல. அதான் எனக்கு கஷ்டமா இருக்கு.”

மாமா தலையை ஆட்டினார்.

“சாயங்காலம் செபத்துக்கு வந்துரு.”

அத்தை எழுந்து உள்ளே போனார். நான் பவர் பேங்க்கைச் சார்ஜில் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 25, புதன், சாயங்காலம்

வேகமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எல்லாப் படகும் வெறுமனே திரும்பி வந்துவிட்டன. ஊர் முழுக்கக் கோயில் முன்னால். உபதேசியார் மணிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். செபம் முடிந்தது. தொம்மை பெரியப்பா, “சொல்லு பெர்க்மான்சு” என்றார். மாமா வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புது நம்பர். வெளிநாட்டு நம்பர். எடுத்துவிட்டேன்.

“தங்கச்சி, நான் பேசாலையில இருந்து கதைக்கிறன். கிளறன்ஸ் எண்டு பேர். உங்கட பதிவை என்ர மகள்தான் காட்டினவள். நேற்றுக் காலமை தொழிலுக்குப் போகேக்க எங்கட பக்கத் தீடையில செம்மஞ்சளா ஒரு துணி கிடந்தது. கூடாரமாக்கும் எண்டு விட்டிட்டன். இண்டைக்கு உங்கட படத்தைப் பாத்தாப் பிறகு திரும்பப் போய்ப் பாத்தனான். படம் எடுத்து அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.”

“ஆளு? அண்ணா, ஆளு யாராவது?”

“ஆள் ஒருத்தரும் இல்லை தங்கச்சி. படத்தைப் பாருங்கோ.”

மூன்று படங்கள். நம் கைட்டேதான். காற்று இறங்கி, மடிந்து கிடக்கிறது. மேலே குவியல் குவியலாக மணல். அடுத்த படத்தில் கைப்பிடி, அதில் நான்கு கயிறும் சுற்றியிருக்கின்றன. தாறுமாறாக இல்லை, எட்டுப் போட்ட மாதிரி, ஒழுங்காக.

நான் கத்திவிட்டேன். “உசுரோட இருக்காங்க! கயித்தச் சுத்தி வச்சிருக்காங்க! காத்துல பறக்காம இருக்க மணல அள்ளிப் போட்டிருக்காங்க!”

தொம்மை பெரியப்பா போனை வாங்கிப் பார்த்தார். “மணல அலையும் ஏத்தும் பாப்பா. கயித்தையும் சுருட்டும். யாராவது எடுத்தும் வச்சிருக்கலாம். அந்தப் பக்கத்து ஆளுக பாத்துட்டு...”

நான் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். கயிற்றின் கடைசியில் ஒரு முடிச்சு. அது கைட் முடிச்சு இல்லை. நான் பார்த்த எந்த வீடியோவிலும் அந்த முடிச்சு கிடையாது. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். வேறு யாரோதான் போட்டிருக்க வேண்டும்.

போனை மறைக்கப் பார்த்தேன். ஆனால் பெர்க்மான்ஸ் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குடு” என்று போனை வாங்கினார்.

முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தூரமாக வைத்துப் பார்த்தார். அவருடைய இன்னொரு கை காற்றில் எதையோ கட்டுகிற மாதிரி அசைந்தது. ஒரு பக்கம் அசைந்து, நின்று, மறு பக்கம் அசைந்தது.

“இது நங்கூரத்துக் கயித்துக்குப் போடுற முடிச்சு” என்றார். “தலகீழாப் போட்டிருக்கு.”

போனை அத்தை பக்கம் நீட்டினார்.

“பிலோமி, இங்க பாரு. எத்தன தடவ வஞ்சிருப்பேன். எல்லாரும் வலப்பக்கம் சுத்துனா இவ எடப்பக்கம் சுத்துவா. சோத்துக் கையால கட்டுடின்னா கேக்க மாட்டா. கட்டுனத அவுக்க முடியாம நான்தான் படகுல கெடந்து பல்லக் கடிச்சுக்கிட்டு அவுப்பேன்.” படத்தை மறுபடி பார்த்தார். “எடக்கைக்காரி போட்ட முடிச்சு. எம்புள்ள போட்டது.”

அத்தை போனைத் தொட்டுப் பார்த்தார். திரையில் இருந்த அந்த முடிச்சின் மேல் விரலை வைத்தார். படம் நகர்ந்து போனது. மறுபடி கொண்டுவந்து காட்டினேன்.

தொம்மை பெரியப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உபதேசியாரைப் பார்த்தார். “கயித்த விடு.” பிறகு, “இல்ல, விடாத. கூப்பிடுற மணிய அடி. அத்தன படகும் எறங்கணும்” என்றார்.

இப்போது மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஒத்தை மணி இல்லை, வேகமாக, நிற்காமல். ஆண்கள் கரைக்கு ஓடுகிறார்கள். கோடு வரை போய் அங்கே வரிசையாக விளக்குப் போட்டு நிற்கப்போகிறார்கள். கோட்டைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் எங்களால் முடியாது.

கிளறன்ஸ் அண்ணா மறுபடி பேசினார். அந்தத் தீடையில் காலடித் தடம் எதுவும் தெரியவில்லை, அலை அழித்திருக்கும் என்கிறார். ஆனால் தள்ளி இருக்கிற தீடைகளில் சில நேரம் வெளியாட்கள் வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்களாம். அவர்களிடம் போன் இருக்காது, சிக்னலும் இல்லை. யாராவது அக்காவைக் கூட்டிப் போயிருக்கலாம், விசாரிக்கிறேன் என்கிறார்.

நான் கோயில் படியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை பக்கத்தில் வந்தார். என்னைக் கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

“என்ன நிக்கிற? எழுது” என்றார். “அன்னைக்கி ஊரயெல்லாம் கூப்பிட்டேல்ல? இப்பக் கூப்பிடு.”

கூப்பிடுகிறேன்.

பேசாலை, தலைமன்னார், மன்னார், நெடுந்தீவு, யாழ்ப்பாணம், அந்தக் கரையில் எங்கே இருந்தாலும் சரி. இதைப் படிக்கிற நீங்கள் மலேசியாவிலோ கனடாவிலோ இருந்தால், அந்தக் கரையில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காவது போன் போடுங்கள். மெல்பா, இருபத்திரண்டு வயது, கறுப்பு, ஒல்லி, முடி தோள் வரைக்கும்தான். இடது கைக்காரர். உங்கள் வாடியில், உங்கள் படகில், உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பெண் வந்திருந்தால் அவர் பேரைச் சொல்ல மாட்டார். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பயந்திருப்பார். வீட்டு நம்பரும் அவருக்குத் தெரியாது. எல்லா நம்பரும் அவருடைய போனில் இருக்கின்றன, அந்தப் போன் என்னிடம் இருக்கிறது.

அவருக்குத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் அப்பா கோடு வரை வந்து நிற்கிறார் என்று சொல்லுங்கள்.

ஹார்ட் போட வேண்டாம். ‘ஆர்ஐபி’ என்று ஒருவரும் எழுத வேண்டாம், துக்க மணி அடிக்கவில்லை. எழுந்து கரைக்குப் போங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படகு இருந்தால் இறக்குங்கள். எதைப் பார்த்தாலும், எதுவுமே பார்க்காவிட்டாலும், இதற்குக் கீழே எந்தக் கரையில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். யாரையும் பிளாக் செய்ய மாட்டேன்.